‘ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது’ என்று ரிப்போர்ட் சொன்னால், எந்தக் குழாய் என்று கேளுங்கள்

கேள்வி இதுதான்: “அப்பாவுக்கு 61 வயது. ஹெபடைடிஸ் பி பல வருஷமாக இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. கல்லீரலின் வலது பக்கம் 6 செ.மீ. கட்டி. போன மாதம் ஆபரேஷன். சர்ஜன் ‘முழுசா எடுத்தாச்சு’ என்றார். நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. ‘மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்: பிரசென்ட்’ என்று போட்டிருக்கிறது. நெட்டில் தேடினால், கல்லீரல் புற்றுநோய் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் மூன்று மாதம்தான் என்று வருகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உண்மையா?”

இல்லை. நீங்கள் படித்த அந்த மூன்று மாதம் உங்கள் அப்பாவின் நோயைப் பற்றியது அல்ல. பெயர் ஒன்றுபோல இருக்கிற வேறொரு நிலைமையைப் பற்றியது. அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு, அதன் அளவும் வேறு.

நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கல்லீரலை மட்டும் பார்க்கிற டாக்டர். தியேட்டரிலிருந்து ஃபார்மலின் பக்கெட்டில் வருவதை வெட்டி, ஸ்லைடு போட்டு, கடைசியில் அந்த ‘பிரசென்ட்’ என்ற சொல்லை டைப் செய்கிற ஆள். அந்த ஒரு சொல் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கல்லீரலின் தண்ணீர்ப் பாசனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பில் மற்ற பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் வரும் வழி ஒன்று, தமனி. கல்லீரலுக்கு இரண்டு. வருகிற ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாக வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு வரும் சிரை அது, கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமன். மீதிக் கால் பங்குதான் கல்லீரல் தமனி தருவது. உள்ளே வந்த ரத்தம் எல்லாம் கல்லீரல் சிரைகள் வழியாக வெளியேறி, கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்ந்து, இதயத்துக்குப் போகிறது.

ஹெபடோசெல்லுலார் கார்சினோமா என்கிற கல்லீரல் செல் புற்றுநோய் இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போடுகிறது. கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. சிடி எடுக்கும்போது மருந்து ஏற்றிய சில விநாடிகளில் கட்டி பளிச்சென்று வெளுப்பதும், பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போவதும் இதனால்தான். பயாப்ஸி இல்லாமலேயே சிடியை வைத்து நோயை உறுதிசெய்ய முடிவதும் இதனால்தான். வரும் வழி தமனி, சரி. கட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி? கட்டி வளர வளர, சுற்றியுள்ள மெல்லிய கல்லீரல் சிரைக் கிளைகள் நசுங்கிப்போகின்றன. அப்போது கட்டியின் ரத்தம் அக்கம்பக்கத்துப் போர்ட்டல் கிளைகளுக்குள் பின்னோக்கி வடிகிறது. உள்ளே கொண்டுவர வேண்டிய வாய்க்காலே வடிகாலாக மாறிவிடுகிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு மற்ற புற்றுநோய்களைவிட ரத்தக்குழாய்மீது இவ்வளவு ஆசை இருப்பதற்குப் பெரிய காரணம் இது. மார்பகப் புற்றுநோய் நிணநீர் முடிச்சுகளைத் தேடிப் போகும். இது சிரைக்குள் போகும்.

அப்படிப் போவதில் இரண்டு தரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாதது மைக்ரோவாஸ்குலர். சிடி, எம்ஆர்ஐ படத்திலேயே தெரிவது மேக்ரோவாஸ்குலர். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: முதலாவது, ஏரி ஓரத்து ஓடையில் நாலு ஆகாயத்தாமரைக் கன்று மிதப்பது. இரண்டாவது, மதகையே ஆகாயத்தாமரை மூடிக்கொள்வது. செடி ஒன்றுதான். ஆனால் ஊருக்கு வருகிற கெடுதல் ஒன்றல்ல.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது முதலாவது. அதை நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் கொடுக்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

எடுத்த கல்லீரல் துண்டை ரொட்டி நறுக்குவதுபோல வரிசையாக நறுக்குவோம். கட்டி பெரும்பாலும் பழுப்பு மஞ்சளாக இருக்கும். பித்தம் ஊறிய இடம் பச்சையாக, ரத்தம் கசிந்த இடம் கருஞ்சிவப்பாக. பல கட்டிகளைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை இருக்கும். நாங்கள் தேடுவது கட்டியின் நடுவில் இல்லை. அந்த உறையை ஒட்டிய விளிம்பில், கட்டியும் கல்லீரலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில். சீனாவில் ஏழு இடத்து மாதிரி என்று ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள்: கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் விளிம்பிலிருந்து நான்கு, கட்டிக்குள்ளிருந்து ஒன்று, 1 செ.மீ.க்குள் இருக்கும் கல்லீரலிலிருந்து ஒன்று, தள்ளி இருப்பதிலிருந்து ஒன்று. ஒரே கட்டியிலிருந்து இரண்டு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவதற்கும், ஏழு எடுத்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையா?

மைக்ரோஸ்கோப்பில் தெரிவது இது: தலைமுடியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிரை. அதன் சுவரில் தட்டையான செல்கள் ஒரே வரிசையாக. உள்ளே, இருக்கக்கூடாத இடத்தில், கல்லீரல் புற்றுச் செல்கள் பத்தோ ஐம்பதோ கொத்தாக. சில சமயம் அது உண்மையில் உள்ளே போனதா, கத்தி தள்ளிவிட்டதா என்று சந்தேகம் வரும். வெட்டும்போது செல்கள் வெற்றுக் குழாய்க்குள் சிதறுவதுண்டு. அப்போது சிடி34 என்ற சாயம் போட்டுப் பார்ப்போம். ஸ்கேன் சிடி இல்லை, இது ரத்தக்குழாயின் உள்சுவரைப் பழுப்பாகக் காட்டும் ஒரு ஸ்டெயின். அப்படியும் ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் சில நேரம் இரண்டு பதில் வரும். இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம்தான். ஆனாலும் உண்மை. உலகம் முழுக்க வந்த கட்டுரைகளில் இந்த நுண் ஊடுருவல் 15% பேருக்கு என்பதில் தொடங்கி 57% பேருக்கு என்பது வரை எண்கள் அலைவதற்கு நோயாளிகளின் வித்தியாசம் மட்டும் காரணமில்லை. தேடுகிறவர்களின் வித்தியாசமும் ஒரு காரணம்.

கட்டியின் அளவோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 1,073 நோயாளிகளின் கல்லீரல்களைத் தொகுத்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், 3 செ.மீ.க்குள் இருந்த கட்டிகளில் 25%, 3 முதல் 5 வரை 40%, 5 முதல் 6.5 வரை 55%, அதற்கு மேல் 63% என்று நுண் ஊடுருவல் இருந்தது. அப்பாவின் கட்டி 6 செ.மீ. அந்த அளவில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கும். சர்ஜன் ‘முழுசா எடுத்தாச்சு’ என்றதும் பொய்யில்லை. கண்ணுக்கும் கைக்கும் எட்டியதை அவர் எடுத்துவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் ஏஎஃப்பி, பிவ்கா-2 என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளின் எண்கள் மிக உயர்ந்திருந்தாலோ, எம்ஆர்ஐயில் கட்டியின் ஓரம் வழுவழுப்பாக இல்லாமல் முண்டும் முடிச்சுமாக இருந்தாலோ இப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகம்தான். உறுதி என்பது எங்கள் மேஜையில்தான் கிடைக்கிறது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. மருத்துவத்தில் இது ஒரு எரிச்சலான விஷயம். எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டிய தகவல், வெட்டிய பிறகுதான் வருகிறது.

இனி இதன் பொருள். புற்றுநோயை நிலை பிரிக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பின்படி, 2 செ.மீ.க்கு உட்பட்ட ஒற்றைக் கட்டியில் ரத்தக்குழாய் ஊடுருவல் இருந்தாலும் நிலை மாறுவதில்லை, அது முதல் நிலைதான். 2 செ.மீ.க்கு மேற்பட்ட ஒற்றைக் கட்டியில் நுண் ஊடுருவல் இருந்தால் டி2, அதாவது கட்டிக்கான குறியீட்டில் இரண்டு. நிணநீர் முடிச்சிலும் வேறு உறுப்பிலும் இல்லையென்றால் இரண்டாம் நிலை. நான்காவது இல்லை, இரண்டாவது. இதை அம்மாவிடம் சொல்லலாம்.

ஆனால் திரும்ப வரும் அபாயம் கூடுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. கல்லீரலை வெட்டிச் செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்குள் நோய் திரும்புவது எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரியிலும் சாதாரணம். மொத்த நோயாளிகளில் 70% வரை என்கிறார்கள். நுண் ஊடுருவல் இருப்பவர்களில் அது சீக்கிரமாகவும் வருகிறது, முதல் இரண்டு வருஷத்துக்குள். அந்த இரண்டு வருஷக் கோட்டுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அதற்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி ஏற்கெனவே தூவிவிட்டுப் போன விதை. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் கெட்டுப்போன கல்லீரலில் புதிதாக முளைத்த வேறொரு கட்டி. இரண்டுக்கும் வைத்தியம் செய்யலாம். ஆனால் முதல் வகைக்கு நேரம் குறைவு. ஆகவே முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிடி அல்லது எம்ஆர்ஐ, கூடவே ஏஎஃப்பி. சாதா அல்ட்ராசவுண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். எத்தனை குழாய்களில் இருந்தது, கட்டியின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது? சீன முறையில் ஐந்து குழாய்களுக்கு மேற்படாமல், 1 செ.மீ.க்குள் இருந்தால் எம்1. அதைத் தாண்டினால் எம்2. எம்1க்கும் எம்2க்கும் நடுவே உள்ள இடைவெளி, இருக்கிறது என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளிக்குச் சற்றும் குறைந்ததில்லை. இரண்டாவது வரி, வெட்டிய ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவே எத்தனை மி.மீ. நல்ல கல்லீரல் இருந்தது என்பது. இவை எழுதப்படவில்லை என்றால் கேட்டு வாங்கலாம். ஸ்லைடும் பிளாக்கும் பத்திரமாகத்தான் இருக்கும். ஒரு ஃபோன் செய்து கேட்டால் எந்தப் பேத்தாலஜிஸ்டும் கோபித்துக்கொள்ளமாட்டார். உண்மையில் எங்களை யாரும் கூப்பிடுவதே இல்லை.

‘திரும்ப வராமலிருக்க மருந்து உண்டா?’ என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் மாத்திரை, என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், கட்டாயம். அது புற்றுநோய் மருந்து இல்லை என்று நினைத்து நடுவில் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரஸ் அடங்கியிருந்தால் மறுபடி வரும் வாய்ப்பும் குறைகிறது, கல்லீரலும் தாங்குகிறது. புற்றுநோய்க்கான மருந்துகளை முன்கூட்டியே கொடுத்துத் தடுக்கும் முயற்சிகள்தான் ஏமாற்றிவிட்டன. சோராஃபெனிப் மாத்திரையை ஆபரேஷனுக்குப் பின் கொடுத்துப் பார்த்த ஸ்டார்ம் ஆய்வு 2015இல் தோல்வி என்று முடிந்தது. அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளை, நுண் ஊடுருவல் போன்ற அபாயக் குறிகள் உள்ளவர்களுக்குக் கொடுத்த ஐஎம்பிரேவ்050 ஆய்வு 2023இல் பெரிய நம்பிக்கையோடு வெளிவந்தது. நோய் திரும்புவது குறைகிறது என்றார்கள். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்ச காலம் காத்திருந்து கணக்குப் பார்த்தபோது அந்த லாபம் கரைந்துபோயிருந்தது. ஆகவே யாராவது ‘சேஃப்டிக்கு ஆறு ஊசி போட்டுவிடலாம்’ என்று சொன்னால், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். சீனாவில் இப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவை டேஸ், அதாவது தமனி வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சை, செய்கிற வழக்கம் இருக்கிறது. அங்கே அதற்குச் சாதகமான ஆய்வுகளும் உண்டு. மற்ற நாடுகள் அதை இன்னும் வழக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள கல்லீரல் புற்றுநோய்க் குழு வேறொரு யோசனை சொல்கிறது: நுண் ஊடுருவல் தெரிந்தவுடனே, நோய் திரும்பக் காத்திராமல், தகுதியுள்ளவர்களுக்குக் கல்லீரல் மாற்று. இதையும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எல்லோருக்கும் பொருந்தாது.

இப்போது அந்த மூன்று மாதத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இதுதான் வீட்டில் நடந்துகொண்டிருக்கும்.

போர்ட்டல் வெயினுக்குள் கட்டி ஒரு விரல்போல நீண்டு வளர்ந்துவிடுவது மேக்ரோவாஸ்குலர். கல்லீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கும்போதே 10 முதல் 40% பேருக்கு இது இருக்கிறது. சிகிச்சை எதுவும் பெறாமல் விட்டால் இவர்கள் வாழ்ந்த காலம் 2 முதல் 4 மாதம் என்று, நல்ல மருந்துகள் எதுவும் இல்லாத 1990களில் பதிவானது. அந்த எண்தான் இன்றும் எல்லாப் பக்கங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய எண்ணுக்குச் சாவே கிடையாது போல.

ஏன் அவ்வளவு மோசம்? மூன்று பக்கத்திலிருந்து அடி விழுகிறது. போர்ட்டல் வெயின் கல்லீரல் முழுக்கக் கிளை பிரிவதால், அதற்குள் உட்கார்ந்த கட்டி ஒவ்வொரு கிளைக்கும் விதை அனுப்புகிறது. முக்கால் பங்கு ரத்தம் தருகிற குழாய் அடைபட்டதால், ஏற்கெனவே சிரோசிஸில் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் பட்டினி கிடக்கிறது. மஞ்சள் காமாலை வருகிறது. கீழே மதகு அடைபட்டால் தண்ணீர் மேலே ஏறிக் கரை உடைப்பதுபோல, குடலின் பக்கம் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயில் சிரைகள் புடைத்து ரத்த வாந்தி எடுக்க வைக்கின்றன. வயிற்றில் நீர் கோர்க்கிறது. கவனித்துப் பார்த்தால், இவர்களில் பலர் போய்ச்சேர்வது ‘புற்றுநோய் பரவி’ அல்ல, கல்லீரல் செயலிழந்து அல்லது ரத்தம் கொட்டி. முன்னால் போவது கட்டி என்றாலும் ஆளைக் கொல்வது கல்லீரல். அதனால்தான் இந்த நோயில் கட்டியின் அளவைக் கேட்பதற்கு முன் பிலிருபின் எவ்வளவு, அல்புமின் எவ்வளவு, வயிற்றில் நீர் இருக்கிறதா, ஆள் எழுந்து நடக்கிறாரா என்று கேட்கிறோம். இவற்றை வைத்துக் கல்லீரலின் நிலையைச் சொல்லும் சைல்ட்-பியூ அளவுகோலில் ஏ (நல்ல நிலை) என்று இருந்தால் பாதி வழி நம் பக்கம்.

இதிலும் எந்தக் குழாய் என்பது முக்கியம். ஜப்பானியர்கள் அழகாகப் பிரித்திருக்கிறார்கள்: கடைசிச் சிறு கிளைகளில் இருந்தால் விபி1, அதற்கு மேலே இரண்டாம் கிளையில் விபி2, வலது அல்லது இடது பெரிய கிளையில் விபி3, நடுத்தண்டில் அல்லது எதிர்ப்பக்கக் கிளையில் விபி4. உலகம் அதிகமாகப் பின்பற்றும் பார்சிலோனா வகைப்பாடு, 1999இலிருந்து, இவை எல்லாவற்றையும் ‘சி’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு, வெட்டாதே, மருந்து கொடு என்கிறது. என் கருத்தில் இது விபி2 நோயாளிக்குச் செய்கிற அநியாயம். ஜப்பானில் நாடு தழுவிய பதிவேட்டில் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போர்ட்டல் வெயின் நோயாளிகளை எடுத்துப் பார்த்து 2016இல் எழுதினார்கள். கல்லீரல் நன்றாக இருந்தவர்களில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இடைநிலை வாழ்நாள் 2.87 வருஷம், செய்துகொள்ளாதவர்களுக்கு 1.10 வருஷம். நடுத்தண்டுவரை போயிருந்தவர்களுக்கு மட்டும் அந்த லாபம் நிரூபணமாகவில்லை. ஆபரேஷனுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்திலேயே கொஞ்சம் சாதகம் இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் வருஷக் கணக்கு, மாதக் கணக்கு இல்லை.

இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று அர்த்தம். அது தேதி குறித்த சீட்டு இல்லை.

வெட்ட முடியாதவர்களுக்கு 2008இல்தான் முதல் வெளிச்சம். சோராஃபெனிப் கொடுத்த ஷார்ப் ஆய்வில் எல்லா நோயாளிகளையும் சேர்த்து இடைநிலை வாழ்நாள் 7.9 மாதத்திலிருந்து 10.7 ஆனது. ரத்தக்குழாய் ஊடுருவல் இருந்தவர்களை மட்டும் பிரித்தால் 4.9 மாதம் 8.1 ஆனது. பிறகு 2020இல் அடிசோலிசுமாப்-பெவாசிசுமாப் ஜோடி வந்தது. சோராஃபெனிபுக்கு 13.4, இந்த ஜோடிக்கு 19.2 மாதம். விளம்பரத்தில் எல்லோரும் சொல்வது இந்த 19.2ஐத்தான். அதே ஆய்வில் விபி4 நோயாளிகளை மட்டும் எடுத்தால் 5.5க்கு 7.6 மாதம். இரண்டும் உண்மை. உங்கள் வீட்டு ஆள் எந்தக் கூட்டத்தில் நிற்கிறார் என்று தெரியாமல் எந்த எண்ணையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். டர்வாலுமாப்-டிரெமிலிமுமாப் என்ற இன்னொரு ஜோடியின் ஆய்வு நடுத்தண்டு அடைபட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே அதன் 16.4 மாதத்தை விபி4க்குப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நம் ஊரில் இந்த மருந்துகளின் செலவு லட்சங்களில். பெவாசிசுமாபுக்கு இந்தியத் தயாரிப்புகள் இருப்பதால் அதன் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்த ஊசியைத் தொடங்குவதற்குமுன் எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் கட்டுப்போட்டுவிட வேண்டும். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டு, இரண்டாவது ஊசிக்குள் ரத்த வாந்தியோடு வந்தவர்களின் கதையைக் கேட்டிருக்கிறேன்.

கதிர்வீச்சைப் பற்றி நம்மூரில் பேச்சே குறைவு. ‘கல்லீரலுக்கு ரேடியேஷன் ஆகாது’ என்று ஒரு காலத்தில் பாடப்புத்தகமே சொன்னது. இன்று சிரைக்குள் இருக்கும் கட்டியைமட்டும் குறிவைத்துச் சுடமுடிகிறது. சியோலில் 90 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், டேஸும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்கள் 55 வாரம், சோராஃபெனிப் பெற்றவர்கள் 43 வாரம். இதைவிட எனக்குப் பிடித்த எண் அதற்குள்ளே இருக்கிறது: முதல் குழுவில் 45 பேரில் 5 பேருக்குக் கட்டி சுருங்கி, வெட்ட முடியாது என்று தள்ளப்பட்டவர்கள் ஆபரேஷன் மேஜைக்குப் போனார்கள். அமெரிக்கா, கனடா சார்ந்த இன்னோர் ஆய்வில், முக்கால்வாசிப் பேருக்குப் பெரிய குழாய் ஊடுருவல் இருந்த கூட்டத்தில், துல்லியக் கதிர்வீச்சுக்குப் பிறகு சோராஃபெனிப் 15.8 மாதமும், சோராஃபெனிப் மட்டும் 12.3 மாதமும் தந்தன. கதிர்வீச்சால் சிரை திறந்துகொண்டு, ஏஎஃப்பி இறங்கி, சில மாதம் அமைதியாக இருந்தால், பிறகு உயிரோடு இருப்பவர் தரும் கல்லீரலைப் பொருத்துகிற துணிச்சலான வேலையை இந்தியாவிலேயே சில மையங்கள் செய்து கட்டுரையும் எழுதியிருக்கின்றன. கல்லீரல் மாற்றுக்கு யார் தகுதி என்று சொல்லும் மிலான் விதிகள் 1996இல் வந்தபோது ‘குழாய்க்குள் போயிருந்தால் மாற்று ஆபரேஷன் பற்றிப் பேசவே கூடாது’ என்று இருந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மூடியிருக்கவில்லை.

கல்லீரல் சிரை வழியாகப் போகிற வகை கொஞ்சம் அரிது. அது கீழ்ப் பெருஞ்சிரைக்குள் ஏறி இதயத்தின் வலது அறைவரை போகலாம், அங்கிருந்து நுரையீரலுக்கு. மூச்சுத் திணறல், கால் வீக்கம் இருந்தால் டாக்டர் எக்கோ எடுக்கச் சொல்வது இதற்காக.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். போர்ட்டல் வெயினில் அடைப்பு என்றாலே புற்றுநோய் இல்லை. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அங்கே வெறும் ரத்தக்கட்டும் வரும், ரத்தம் மெதுவாக ஓடுவதால். எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு ஊரில் அல்ட்ராசவுண்டில் ‘போர்ட்டல் வெயின் த்ராம்போசிஸ்’ என்று எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே கல்லீரலில் 2 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்திருந்தது. வீட்டில் பத்திரம் பிரிக்கிற பேச்சுவரை போய்விட்டது. மகன் இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “சித்தப்பா, பரவிடுச்சாம்” என்றான். மருந்து ஏற்றி சிடி எடுக்கச் சொன்னேன். தமனிக் கட்டத்தில் அந்த அடைப்பு கொஞ்சமும் வெளுக்கவில்லை. குழாய் உப்பவில்லை. கட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தது. வெறும் ரத்தக்கட்டு. புற்றுக்கட்டாக இருந்தால் அதற்கும் தமனி ரத்தம் வேண்டும், அதனால் அடைப்பே பளிச்சென்று தெரியும், குழாயை உப்ப வைக்கும், பெரும்பாலும் கட்டியோடு ஒட்டியிருக்கும், ஏஎஃப்பி ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அவருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுத்து, கட்டியை ஊசியால் சுட்டார்கள். பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் மனைவி மட்டும் அந்தப் பேச்சைத் தொடங்கிய மச்சினரோடு இன்றுவரை பேசுவதில்லை.

உங்கள் அப்பாவுக்குத் திரும்பவருகிறேன். ஸ்லைடை நான் பார்க்கவில்லை, அதனால் இதற்குமேல் அவரைப் பற்றி எண் சொல்லமாட்டேன். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம் எடுக்கப்போகும் முதல் சிடியும் ஏஎஃப்பியும் எந்த இணையப் பக்கத்தைவிடவும் அதிகம் சொல்லும். ஆபரேஷனுக்கு முன்பிருந்த ஏஎஃப்பி எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அது வேண்டும். வைரஸ் மாத்திரை எந்த நாளும் தவறக்கூடாது. அவர் குடிப்பவராக இருந்தால் அது முடிந்த கதை. லேகியம், கசாயம், நாட்டு மருந்து என்று யார் கொண்டுவந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மிச்சமிருக்கும் கல்லீரல்தான் அவருக்குக் கைமுதல்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பல வருஷமாக இருந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள், அப்பாவோடு பிறந்தவர்கள், எல்லோரும் இந்த வாரமே ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய் டெஸ்ட். இல்லையென்று வந்து, எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. இருக்கிறது என்று யாருக்காவது வந்தால், அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு. அப்படிப் பார்த்துவந்தால், கட்டி வந்தாலும் 6 செ.மீ. ஆகும்வரை தெரியாமல் இருக்காது.